இமை மேல் மஞ்சள்

அக்கா,

நேற்று மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு கடைப்பெண் பவுடர் டப்பாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். ரோஜா வாசம். இமை மேல் நீ அப்பி அப்பி மறைப்பாயே, அதே வாசம். "வாங்கிக்கங்க ஆன்டி, மலிவுதான் லா" என்றாள். டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இருபது வயதிலேயே உனக்கு அந்த மஞ்சள் தடிப்பு வந்துவிட்டது. இரண்டு இமைகளிலும், மூக்கை ஒட்டிய மூலையில். அப்பாவுக்கும் அங்கேயேதான் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தியவர் நாற்பது வயதுகூட நிரம்பாமல் அப்படியே சரிந்தார். உழைத்து உழைத்தே போய்விட்டார் என்றார்கள். அவர் இமையையும் உன் இமையையும் சேர்த்து யோசிக்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிள்ளானிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பின்னாளில் உன் மாமியாரான அந்த அம்மா, காப்பியை வாங்கிக்கொண்டே உன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. கண்ணு மேல என்ன அது, முட்டை உடைச்சு ஊத்துன மாதிரி?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். நீயும் சேர்ந்து சிரித்தாய். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அம்மா உன்னை ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "வெறும் கொழுப்புதான்மா, தோல்ல நிக்குது. எரிச்சுட்டா அழகாயிடும்" என்றார் அவர். பஞ்சுக்குச்சியில் அமிலத்தைத் தொட்டு வைத்தார். தோலில் நிற்கும் கொழுப்பு ரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று அவர் பார்க்கவில்லை. பொருக்கு உதிர்ந்த அன்று கண்ணாடியை விட்டு நீ நகரவே இல்லை. "இனிமே முட்டைன்னு சொல்ல மாட்டாங்கல்லடி?" என்று கேட்டாய்.

பையன் பிறந்த பிறகு மஞ்சள் திரும்பி வந்தது. அதோடு கணுக்காலுக்குப் பின்னால், குதிநரம்பில், கெட்டியாக ஒரு வீக்கமும். "திருட்டுத்தனமா நெய்ய நக்குறா. அதான் கண்ணு வழியா வழியுது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் உன் மாமியார் சொன்னாள். நெய் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நீ முட்டையை விட்டாய், கறியை விட்டாய், தேங்காய்ப்பாலை விட்டாய். நான் வரும்போதெல்லாம் ரசஞ்சோறுதான் பிசைந்துகொண்டிருப்பாய். எலும்பும் தோலுமாகிவிட்டாய்.

"இன்னும் எதைடி விடணும்? நீயே சொல்லு" என்று என்னைக் கேட்டாய். பக்கத்தில் அத்தான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

நெஞ்சு அடைக்கிறது என்று நீ போன கிளினிக்கில் வெறும் கேஸ்தான், வாயுப் பிடிப்பு என்றார்கள். இந்த வயதில் பெண்களுக்கெல்லாம் ஹார்ட் வராது என்று சொல்லி ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டில் தீர்வதற்குள், பட்டப்பகலில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தாய். உன்னைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போதே, "சீக்காளிய நம்ம தலையில கட்டிட்டாங்க" என்றாள் உன் மாமியார். தலைத் திவசத்துக்கு முன்பே அந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்துவிட்டாள்.

பத்து வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் என் செருப்பு குதிகாலை உரசிப் புண்ணாகிவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா புண்ணைப் பார்த்தாள். பிறகு அதற்கு மேலே, உனக்கு இருந்தது போலவே எனக்கும் இருந்த வீக்கத்தை அமுக்கிப் பார்த்தாள்.

"ஆன்டி, உங்க வீட்டுல யாராச்சும் சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக்ல போயிருக்காங்களா?"

உன்னைப் பற்றிச் சொன்னேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ரத்தம் எடுத்தாள். ரிசல்ட் வந்ததும் எதிரே உட்கார வைத்துப் பேசினாள்.

"கொலஸ்ட்ரால் சாப்பாட்டுல இருந்து மட்டும் வர்றதில்ல ஆன்டி. நம்ம ஈரலே அதைச் செய்யுது. மிஞ்சுனத ரத்தத்துல இருந்து திரும்ப இழுக்கறதும் ஈரல்தான். உங்க குடும்பத்துல பிறவியிலேயே அந்த இழுக்குற வேலை சரியா நடக்கல. நெய், தேங்காய்ப்பால் குறைக்கணும், நடக்கணும். ஆனா அது மட்டும் போதாது. மாத்திரை வேணும். விடாம சாப்பிட்டா இறங்கும்."

"எங்கக்கா பட்டினி கெடந்தாளேம்மா."

"பட்டினி கெடந்தாலும் இறங்கியிருக்காது ஆன்டி. அவங்களுக்குப் பிள்ளை இருந்தா உடனே ரத்தம் பாக்கச் சொல்லுங்க. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு."

நீ விட்ட முட்டையும் கறியும் உன்னைக் காப்பாற்றவில்லை அக்கா. இமையில் இருந்தது உடம்பு கொடுத்த எச்சரிக்கை. அதைத்தான் அழகுக்காக எரித்தோம்.

மறுநாளே கிள்ளானுக்குப் போனேன். உன் மாமியார் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"செத்தும் விடமாட்டாளா அவ? எங்க பையனுக்குச் சீக்குன்னு பேர் வைக்க வந்தியா? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

உள்ளே அத்தான் நின்றுகொண்டிருந்தார். அன்று போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது உன் மகன் பந்து விளையாடிவிட்டு வீட்டுப் பின்பக்கமாக வெறுங்காலோடு வந்தான். உன் உயரம். வாசல் படியில் கால் கழுவக் குனிந்தான். இரண்டு குதிநரம்பிலும் அந்த வீக்கம். 

"நீங்க சின்னம்மாதானே? எங்கம்மா நெய்யத் திருடித் தின்னு செத்தாங்கன்னு பாட்டி சொல்றது நெசமா?"

"பொய்யிடா சாமி. உங்கம்மா ரசஞ்சோறுதான் தின்னா. அது ரத்தத்துல வர்றது. உனக்கும் இருக்கலாம். டெஸ்ட் எடுத்துரு."

அவன் தன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "எங்க போயி எடுக்கணும்?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் உன் மாமியார் அவன் கையைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"எந்தக் கிளினிக்னாலும் சரிடா! கொலஸ்ட்ரால்னு சொல்லு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர்கூட எட்டிப் பார்த்தார்.

அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை அக்கா. மாத்திரையை நான் ஒரு நாளும் விடுவதில்லை. அடுத்த சனிக்கிழமையும் அந்தக் கேட்டு முன்னால் போய் நின்று கத்துவேன்.