விளக்கெண்ணெய் அண்ணிக்கு

என் உயிரை எடுத்த அன்பு அண்ணிக்கு,

நீ இருந்தவரைக்கும் "நீங்க, வாங்க" என்றுதான் பேசினேன். இனிமேல் நீ, வா, போதான். பிடிக்கவில்லையென்றால் எழுந்து வந்து திட்டு. அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. பிழை இருந்தால் உன் பெண் கவிதா திருத்துவாள்.

நீ போய் பதினோரு மாதம் ஆகிறது. எல்லாரும் உன்னைத் தங்கம் என்கிறார்கள், தெய்வம் என்கிறார்கள். நானும் தலையை ஆட்டுகிறேன். ஆட்டும்போது முடியும் கூடவே ஆடுகிறது. ஆமாம், விரித்துத்தான் போட்டிருக்கிறேன். எண்ணெய் இல்லாமல், சுருள் சுருளாக. பார்த்து வயிறெரி.

பதினாலு வயதில் அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு குருசுக்குப்பத்தில் உன் வீட்டு வாசலில் துணிப்பையோடு நின்றேன். ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் உள்ளே கூப்பிடுவதற்குள் நீ முந்திக்கொண்டாய். "இது முடியா, தேங்கா நாரா?" அன்றிலிருந்து என் பெயர் நாரு. ராணி என்று ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. தெருவில் மீன் விற்க வருகிறவள்கூட நாரு என்றுதான் கூப்பிட்டாள்.

நீ பேர் வைத்ததோடு விட்டாயா? வெள்ளிக்கிழமை தோறும் என்னை உட்கார வைத்து உள்ளங்கை நிறைய விளக்கெண்ணெய் ஊற்றுவாய். காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு இழுப்பாய். மறுநாள் அந்தப் பிசுக்கு போக குளியலறை ஆணியில் தொங்கும் எலுமிச்சை ஷாம்பு சரத்திலிருந்து ஒன்று கிழித்துக் கொடுப்பாய். எண்ணெய் வழியும் தலைக்கென்று செய்த ஷாம்பு அது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே குழம்பு மாதிரி எல்லாருக்கும் ஒரே ஷாம்பு. போதாததற்குப் போர் பம்பில் உப்புத் தண்ணீர். என் தலை நாராகாமல் பட்டாகவா ஆகும்?

பெண் பார்க்க வந்த அன்று நீ ஊற்றிய எண்ணெய் நெற்றியில் இறங்கி, பொட்டைக் கலைத்துக்கொண்டு மூக்கு வரை வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்குக் காய்ச்சலா, இப்படி வேர்க்குதே" என்றாள். நீ விசிறி கொண்டுவந்து வீசினாய். அந்த நடிப்பை மட்டும் நான் மறக்கவே மாட்டேன்.

இப்போது என் வேலை உனக்குத் தெரியும். உழவர்கரையில் மைமூன் அக்கா வைத்திருக்கும் ஃபேன்ஸி ஸ்டோரில் ஷாம்பு வரிசை என் பொறுப்பு. அக்காவுக்கும் முக்காட்டுக்குள் என்னைப் போலச் சுருள் முடி. அவர்தான் சொல்லிக் கொடுத்தார்: சுருட்டைக்கு ஷாம்பு கொஞ்சம், க்ரீம் நிறைய. ஈரத்தில் விரலால் சிக்கெடுக்க வேண்டும். துண்டால் அடித்துத் துவட்டாமல் பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வீடு என்றால் கடைசியில் ஒரு சொம்பு கேன் தண்ணீர். அவ்வளவுதான். மூன்றே மாதத்தில் என் நார் அடங்கிவிட்டது. நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது, கெட்டது என் முடி இல்லை, உன் ஷாம்பு என்று.

கடைக்கு வருகிறவர்கள் பாட்டிலில் இருக்கிற பொம்பளையைப் பார்த்து எடுக்கிறார்கள். நான் விடுவதில்லை. அவள் தலைக்கா வாங்குகிறாய், உன் தலைக்கா என்று கேட்பேன். மெல்லிசு முடியா, பட்டையா, தலை எண்ணெய் விடுகிறதா, காய்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பேன். நீ ஒருநாள் வந்து நின்றபோது உன் கொண்டையில் கை வைக்கப் போனேன். பாம்பை மிதித்த மாதிரி துள்ளினாயே, ஏன் என்று அன்று புரியவில்லை.

புரிந்த நாளைச் சொல்கிறேன். காலையில் வாசல் தெளிக்கப் போனவள் விழுந்தாய். கோரிமேடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. குளிப்பாட்டும்போது புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் வெளிப்பக்கம் திரும்பி நின்றார்கள். உறவுக்காரிகள் ஒவ்வொருத்தியாக வந்து எண்ணெயும் சீயக்காயும் உன் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். தேய்த்து அலசும் வேலை எனக்கு. உன் கொண்டையை முதல் முறையாக அவிழ்த்தேன். நாலு குடம் ஊற்றியதும் பிசுக்கு போனது. ஒரு கற்றையை எடுத்துப் பிழிந்தேன். அது என் விரலைச் சுற்றிக்கொண்டது.

சுருள், அண்ணி. என்னுடையதைவிட நெருக்கமான சுருள்.

முப்பது வருஷமாக நீ தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வரும்போதே எண்ணெய் வழிய, கொண்டை முடிந்து வருவாய். காற்று பட்டால் தலைவலி என்பாய். நானும் நம்பினேன். கவிதாவுக்குச் சுருட்டை என்றதும் ஊரெல்லாம் என்ன சொன்னாய்? "எல்லாம் அவ அத்தை குடுத்த சொத்து."

அந்த மறைப்பை விலக்கி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். கை துறுதுறுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? விளக்கெண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றி, இழுத்து வாரி, நீ எனக்குப் போடுவது போலவே இறுக்கிக் கொண்டை போட்டேன். மேலே பூவைச் சுற்றினேன். நான் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு வந்தது ஆத்திரம்.

உன்னை யார் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அண்ணி? உன் அம்மா வீட்டிலா, இல்லை கட்டிக்கொண்டு வந்த இடத்திலா? எங்கள் அண்ணனா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே நாராக இருந்திருப்போமே.

யாரிடமும் சொல்லாமல்தான் இருந்தேன். ஆனால் கவிதாவுக்கு அடுத்த மாதம் நிச்சயம். முடியை நேராக்க பார்லரில் நாள் குறித்துவிட்டாள். போன தடவை அந்த மருந்து வைத்து, முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது உனக்குத் தெரியும். நீதானே கூட்டிக்கொண்டு போனாய். வேண்டாம் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா இருந்தா நேராக்கிக்கச் சொல்லியிருப்பாங்க. நீங்க கொடுத்த முடி, அதான் உங்களுக்கு வலிக்குது."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"பொய் சொல்றீங்க அத்தை. செத்தவங்க மேல பழி போடாதீங்க."

"உங்கம்மா சீப்பு எங்க வச்சிருக்க?"

நீ தலை வாரிய சீப்பைக் கழுவாமல், நீ வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள். பல்லிடுக்கில் நாலைந்து முடி எண்ணெயில் ஒட்டிக் கிடந்தது. டம்ளரில் வெந்நீர் ஊற்றி, இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, சீப்பை அதில் நிறுத்தினேன். அலசி, ஒரு முடியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். காயக் காய அது தானாகச் சுருண்டது. கவிதா தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி அதன் பக்கத்தில் வைத்தாள். எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு முடியையும் சேர்த்துச் சீப்பின் பக்கத்தில் வைத்தாள். பிறகு பார்லருக்குப் போன் போட்டாள். "அக்கா, ஞாயித்துக்கெழம வரல. இல்ல, வேற நாளும் வேணாம்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்கு எந்த ஷாம்பு சரியா இருந்திருக்கும் அத்தை?"

கடைக்காரியிடம் கேட்கிற கேள்வி. எனக்குப் பதில் தெரியும். உன் தலையைத் தொட்டுப் பார்த்தவள் நான் ஒருத்திதானே.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. முப்பது வருஷம் ரொம்பப் பெரிசு. ஆனால் ஒன்று மட்டும் செய்வேன். வருஷத் திதிக்குப் படைக்கும்போது புதுப் புடவை, மஞ்சள், பூ, நீ ஆசையாகத் தின்னும் வஞ்சிர மீன் எல்லாம் உன் படத்துக்கு முன்னால் இருக்கும். விளக்கெண்ணெய் இருக்காது. அந்த இடத்தில் எங்கள் கடை மேல் தட்டிலிருந்து சுருட்டை முடிக்கான க்ரீம் பாட்டிலை வைப்பேன். மூடியைத் திறந்தே வைப்பேன். அங்கேயாவது கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்.

உன் புருஷன் தங்கச்சி,
உன்னைவிடக் கொஞ்சம் குறைவாகச் சுருண்ட
நாரு