முதுகில் எழுதிய விடை

அக்கா,

உங்கள் சொட்டு மருந்துப் புட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. இன்று காலை உங்கள் மகள் தேவி வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். குப்பையில் போட எடுத்ததை நான்தான் பிடுங்கி வந்தேன். புட்டியின் கழுத்தில் இரண்டு ரப்பர் வளையம். ஒன்று போட்டது காலைக்கு, இரண்டு போட்டது ராத்திரிக்கு. தீர்ந்துபோன மருந்துப் புட்டியை எதற்குத் தூக்கி வந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

தேவி இன்று ஒன்று சொன்னாள். அதற்கு முன் அந்தக் கோயில் மண்டபத்தைச் சொல்ல வேண்டும்.

ரந்தாவ் பக்கம் நம் ரப்பர் தோட்டத்துக் கோயிலுக்குக் கண் பரிசோதிக்கத் தாதிகள் வந்தார்கள். சுவரில் ஓர் அட்டை. அதில் சீப்பு மாதிரி மூன்று பல் வைத்த எழுத்து. பல் திரும்பியிருக்கும் பக்கம் கையைக் காட்ட வேண்டும். வலது கண்ணால் எல்லாம் சரியாகக் காட்டினீர்கள். அதை மூடச் சொன்னதும் உங்கள் கை அந்தரத்தில் நின்றது. துணைக்கு வந்தவளாய்ப் பின்னால் நின்ற நான், உங்கள் முதுகில் விரலால் கோடு இழுத்தேன். மேலே, கீழே, இடது, வலது. ஒன்றுவிடாமல் காட்டினீர்கள். "கண்ணு நல்லா இருக்கும்மா" என்று சொல்லித் தாதி எழுதிக்கொண்டாள். வெளியே வந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நமக்கு அதுதானே பழக்கம்? பால்மரம் சீவிய காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் மர நிரையை நான் முடிப்பேன். எனக்கு முடியாத நாளில் நீங்கள். மேற்பார்வை மண்டோர் வந்து கணக்கெடுக்கும்போது ஒரு மரமும் குறையாது. கையில் தாளும் பேனாவும் வைத்திருந்தால் யாராக இருந்தாலும் நமக்கு மண்டோர்தான். அந்தத் தாதி உங்கள் கண்ணைக் காப்பாற்ற வந்தவள் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

இரண்டு வருடம் கழித்து வலது கண்ணும் மங்கிய பிறகுதான் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போனது திரும்பாது, முன்பே தெரிந்திருந்தால் மருந்து போட்டு நிறுத்தியிருக்கலாம் என்றார் டாக்டர். நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பஸ்ஸில் வரும்போது, "பசிக்குது மாரி, இறங்குனதும் மீ கோரேங் சாப்புடுவோம்லா" என்றீர்கள். என்னை ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு, பார்வை இழந்தவர்களுக்கு உதவும் சங்கத்திலிருந்து ஒரு பெண் வாரம் ஒருமுறை வந்தாள். ரப்பர் வளைய யோசனை அவளுடையது. வெள்ளைக் கம்பை நீட்டியதும், "எதுக்கு? நான் என்ன மாடா மேய்க்கப் போறேன்?" என்று முறைத்தீர்கள். மூன்றாம் மாதம் அதைத் தட்டிக்கொண்டு தனியாகப் பாசார் போய்க் கீரை வாங்கி வந்தீர்கள். "லோரிக்காரன்கூட நிறுத்தி வழி விடுறான்லா" என்று அன்று முழுக்கப் பெருமை. சந்தோஷப்படவா அழவா என்று தெரியாமல் நான் அந்தக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

எத்தனை முறை வாயெடுத்தேன். "அக்கா, அன்னைக்கு மண்டபத்துல..." என்று தொடங்கினாலே, "அடுப்புல என்னமோ தீயுது பாரு" என்பீர்கள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

இன்று தேவி சொன்னது இதுதான்: "அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க சித்தி. அன்னைக்கு முதுகுல எழுதிக் காட்டச் சொல்லிக் கெஞ்சுனதே அவங்கதானாம். உங்க மேல தப்பே இல்லன்னு பத்துத் தடவ சொல்லியிருக்காங்க."

அப்படியா நடந்தது? நீங்கள் கெஞ்சியதாக எனக்கு நினைவில்லை. என் விரல் தானாகப் போனதாகத்தான் நினைவு. வரிசையில் நிற்கும்போது காதோடு ஏதும் சொன்னீர்களா? இல்லை, மகள் என்னை வெறுத்துவிடக் கூடாதென்று கட்டிய கதையா? நிஜமென்றால், இத்தனை வருடம் என்னைத் தவிக்க விட்டதற்கு உங்கள் மேல் கோபம் வருகிறது. பொய்யென்றால், என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"அப்படித்தானே சித்தி?" என்று தேவி என் கையைப் பிடித்துக் கேட்டாள். நான் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன், அக்கா.