தம்பி கடல்ல குதிச்சது

ரிங்லெட் மலைத் தேயிலைத் தோட்டம்

அன்பு மகள் சசிரேகாவுக்கு அம்மா ஆசையா எழுதுறது. மாரியாத்தா புண்ணியத்துல நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்த அயர்லாந்து குளிர்ல உடம்பு கெடாம இருக்கணும். அப்பாவுக்கு முழங்கால் வலி கொறஞ்சிருக்கு, விடாத மழையில கொழுந்து தளதளன்னு நிக்குது, அதெல்லாம் கெடக்கட்டும், உன் தம்பி தர்மா செஞ்சதைக் கேளு. போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் எழுதி உனக்கு அனுப்புற பார்சல்ல வைக்கிறேன்.

போன செவ்வாக்கிழமை கொழுந்து நிறுக்குற எடத்துல நிக்கிறேன், அவன் போன் வந்துச்சு. கெமாமான் துறைமுகத்துலேர்ந்து, கடல்ல எண்ணெய் எடுக்குற மேடைக்குச் சாமான் ஏத்திப் போற கப்பல்லதானே இருக்கான், அன்னிக்குக் காலையில நடுக்கடல்ல போகும்போது, ஏதோ வெளிநாட்டு விமானம் தாங்கிக் கப்பலோட சண்டை ஜெட், இஞ்சின் நின்னு போயி இவங்க கண்ணு முன்னால தண்ணியில விழுந்துருச்சாம். உள்ள இருந்த ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடியே பாராசூட்ல இறங்கிட்டாங்க. ஹெலிகாப்டர் வர இருபது நிமிஷம் ஆகும், நீங்கதான் பக்கத்துல இருக்கீங்கன்னு ரேடியோவுல கேட்டதும், கேப்டன் சின்ன போட்டை இறக்கிட்டார், தம்பியும் இன்னொருத்தனும் ஏறிட்டாங்க. ஒரு ஆளு ரப்பர் மிதவையில உக்காந்து கையை ஆட்டினானாம். இன்னொரு ஆளுக்குத் தோள் ஒடஞ்சு, பாராசூட் கயிறு கால்ல சுத்தி, அலை இழுக்க இழுக்கத் தலை முங்கி முங்கி எழும்புது. இங்க, வேலை நேரத்துல போன்ல நிக்கிறேன்னு சத்தம் போட வந்த கங்காணி, விஷயம் தெரிஞ்சதும் ஸ்பீக்கர்ல போடும்மா, எல்லாரும் கேப்போம்லான்னுட்டார். லைஃப் ஜாக்கெட்டோட அடியில போக முடியலன்னு உன் தம்பி அதைக் கழட்டிப் போட்டுட்டுக் கத்தியோட குதிச்சிருக்கான். மூணு தடவை முங்கித்தான் கயிறை அறுத்தானாம். போட்டுல தூக்கிப் போட்டதும் அந்த ஆளு வாந்தி எடுத்து, கண்ணைத் தெறந்து, முதல்ல தன் கூட்டாளி எங்கன்னுதான் கேட்டிருக்கான். ரெண்டு பேரையும் ஹெலிகாப்டர் வந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சு, அவங்க அம்மாமாருக்கும் இந்நேரம் தகவல் போயிருக்கும்.

பேக்டரியிலேர்ந்து அப்பா காலை இழுத்துக்கிட்டே ஓடி வந்தாரு. கடல் வேலைக்குப் போனான்னு ரெண்டு வருஷமா அவன்கிட்ட பேசாத மனுஷன், போனை வாங்கி, "தண்ணி ரொம்பக் குளிராய்யா?"ன்னு கேட்டாரு. "நம்ம வீட்டுப் பைப்புத் தண்ணிக்கு இது சுடுதண்ணிப்பா"ன்னான். அப்பா சிரிச்சாரு, சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு.

நீயும் தம்பியும் ஆயுசுக்கும் நல்லா இருக்கணும்மா. ஜாக்கெட் கழட்டினதை அக்காகிட்ட சொல்லாதேன்னான், நான் சொல்லிட்டேன். அடுத்த மாசம் கரைக்கு வர்றான், மறக்காமப் போன் போட்டு நல்லாத் திட்டு. நானும் ஆறு நாளாத் திட்டணும்னுதான் பாக்குறேன், வாயைத் தெறந்தா எஞ்சாமின்னுதான் வருது.

உன் அம்மா
காளியம்மா அமிர்தலிங்கம்