கழுத்துக்கு ஏற்ற திரை

ஆவணி 12, செவ்வாய்

இன்று மன்னாரில் இவருக்குக் கணினித் திரை வாங்கினோம். போரில் ஷெல் துண்டு பட்டதிலிருந்து இவரால் கழுத்தை வளைக்க முடியாது. இவருக்குக் கழுத்து வளையாது, ஏற்றி இறக்கக்கூடிய திரைதான் வேண்டும் என்று நானே வாயைத் திறந்தேன்.

கடைக்காரர் கேட்டார்: "கழுத்துக்கு என்ன நடந்தது, தம்பி?"

மீளக் குடியேறியவர்களில் காயக்காரர் என்றாலே, போராளியாக இருந்தவரோ என்று படையினரின் விசாரணை வருகிறது.

"மரத்தால விழுந்தனான்" என்றார் இவர். அதே நேரத்தில் நான், "பஸ் அடிச்சது" என்றேன்.

கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்ற ஒருவனும் பார்த்தான். அவன் யாரோ?

திரை இப்போது இவர் கண்ணுக்கு நேராக நிற்கிறது. இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

படுக்கும்போது கேட்டார்: "இனி ஆரும் கேட்டா மரமோ, பஸ்ஸோ?"

"மரம்" என்றேன்.

எந்த ஊரில் நின்ற மரம் என்று கேட்டால்?