அணுக்களுக்குக் கேட்ட சிரிப்பு

அம்மா,

இன்று காலை இளம்பிள்ளையில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். நான் பேசப் போனேன் என்பதைக் கேட்டிருந்தாலே நீ சிரித்திருப்பாய். கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு தறிக்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. “சத்தம் தாங்காதும்மா, ஜன்னலைச் சாத்திடலாம்” என்றார் தலைமையாசிரியை. வேண்டாம் என்றேன். காற்றோடு பாவு நூலுக்குப் போடும் கஞ்சியும் தறி எண்ணெயும் கலந்த வாசனை வந்துகொண்டிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் உன் முந்தானையை விட்டுப் போகாத வாசனை. அதை வெளியே நிறுத்திக் கதவடைக்க மனம் வரவில்லை.

பையைத் திறந்தபோது பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்து வந்த தாள் மேலாக இருந்தது. அலைபோல ஏறி இறங்கும் புள்ளிகள்; நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலையை விட்டுச் சிதறி ஓடும் சில புள்ளிகள். என் ஆய்வு மேசைக்கு மேலே இத்தனை நாள் ஒட்டியிருந்தது இதுதான். பார்க்கிறவர்கள் எல்லோரும் “இது தப்பான அளவாச்சே, இதை ஏன் மாட்டி வெச்சிருக்கே?” என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன்.

வெண்ணந்தூரில் நம் வீட்டு முன்னறையில் இரண்டு தறி. அவை ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் காதில் விழாது. அதனால் தறிக்காரர்கள் எல்லோரையும் போல உனக்கும் இரண்டு பேச்சு இருந்தது. ஒன்று, தெருமுனைவரை கேட்கும் கத்தல். இன்னொன்று, சத்தமே இல்லாமல் உதட்டாலும் கையாலும் பேசுவது. உன் கத்தல் எனக்கு வரவே இல்லை. உதட்டுப் பேச்சோடு நின்றுவிட்டேன்.

முதல் வகுப்பில் நான் வாரக்கணக்காகப் பள்ளிக்கே வரவில்லை என்று சார் சொல்லி அனுப்பியது நினைவிருக்கிறதா? பெயர் கூப்பிட்டபோதெல்லாம் நான் “உள்ளேன் ஐயா” என்று உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் அது போதுமே. நீ தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தாய். “ஏனுங்க சார், மொத வரிசையில முழுசா உக்காந்திருக்கறா எம்புள்ள. இவளப் போயி வரலீன்னு எழுதிப் போட்டிருக்கறீங்களே!” என்று நீ சொன்னது மூன்று வகுப்புகளுக்குக் கேட்டது. சாரும் சிரித்துவிட்டார். நான் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கல்லூரி முடித்து, நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கி, பெங்களூருக்கு ஆய்வுக்குப் போன பிறகும் நான் அதே ஆள்தான். முதல் மதிப்பீட்டுக் கூட்டத்தில் நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. புரிந்துதான் செய்கிறாளா என்றே தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். இரண்டாவது கூட்டமும் அப்படியே போனால் ஆய்வைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். போனில் இதைச் சொன்னேன். “நான் வாரேன் சாமி” என்றாய். கூட்டத்தன்று காலை ஒரு தூக்குப்போசியில் எள்ளுருண்டையோடு ஆய்வுக்கூட வாசலில் நின்றாய்.

அன்று கருவியின் மேல்மூடியைக் கழற்றி வைத்திருந்தோம். வெளிச் சத்தம் உள்ளே போகாமல் தடுக்கும் மூடி அது. அது இல்லாத நேரத்தில் உன்னை உள்ளே அழைத்துப் போனது என் தப்புத்தான். ஆனால் நீ அவ்வளவு தூரம் வந்திருக்கிறாய், உனக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவேன்?

உன் காதோரம் மெதுவாகச் சொன்னேன். சூடு என்பது அணுக்களின் ஓட்டம். எதிரே ஒளியைப் பாய்ச்சி அந்த ஓட்டத்தைத் தடுத்து, அணுக்கள் ஏறக்குறைய நின்றுவிடும் அளவுக்குக் குளிர வைக்கிறோம் என்றேன்.

“வெளிச்சம் பட்டா சூடாவுமா, குளுருமா? ஆருகிட்டக் கதை உடற?”

“நெசமாத்தாம்மா.”

திரையில் அந்தக் குளிர்ந்த அணு மேகத்தைக் காட்டினேன். கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. “இதா? சோத்துப் பருக்கையாட்ட இருக்குது. இத வெச்சு என்ன பண்ணுவீங்க?” என்றாய்.

கீழே விழ விட்டு, பூமி எவ்வளவு இழுக்கிறது என்று அளப்போம், நிலத்தடியில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அந்த இழுப்பு துளியூண்டு மாறும் என்றேன். உன் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படீன்னா நம்மூருக்குக் கொண்டா. போர் போட்டுப் போட்டு மண்ணுதான் வருது.”

எப்படி அளக்கிறீர்கள் என்றும் கேட்டாய். விழும் அணுவை ஒளியால் தட்டுவோம், ஒரே அணு ஒரே நேரத்தில் இரண்டு வழியில் விழும், கீழே மறுபடி சேர்ப்போம், இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது கணக்கு என்றேன். எனக்கே விளங்க ஒரு வருடம் பிடித்த விஷயம் அது. நீ ஒரு நொடி யோசித்தாய்.

“உங்க சித்தப்பனாட்டன்னு சொல்லு. ஒரே முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணத்துலயும் பந்தியில உக்காந்திருப்பான்!”

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். தறிக்கூடத்தைத் தாண்டிக் கேட்கும் அந்தச் சிரிப்பு. திரையில் ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்த புள்ளிகள் திடீரென்று மேலும் கீழும் சிதறின. கூட வேலை செய்யும் பையன்கள் எழுந்து ஓடி வந்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் அணுக்கள் ஒருமுறை விழுந்த அளவு. அதை எடுக்க ஒரு கண்ணாடியை ஆதாரமாக வைத்திருப்போம். உன் சிரிப்பில் அந்தக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அளவு அதிர்ந்திருக்கிறது. இரைச்சல் எங்கிருந்து வந்தது என்று மற்ற நாட்களில் தேடி அலைவோம். அன்று தேட வேண்டியிருக்கவில்லை.

என் வழிகாட்டி மேடம் வந்து, “அம்மா, கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருக்கலாமா?” என்றார். நீ வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாய். அடுத்த நொடியே நம் வீட்டுப் பேச்சுக்கு மாறினாய். ‘அந்தம்மா கோவிச்சுக்கிட்டாங்களா?’ என்று உதட்டால் கேட்டாய். ‘இல்லம்மா’ என்றேன், நானும் உதட்டால். ‘நீ ஏன் எளச்சுப் போயிட்ட?’ ‘விடுதிச் சாம்பாரைப் பாத்தா நீயும் எளைப்ப.’ ‘உருண்டை சாப்புடு, எல்லாத்துக்கும் குடு.’ ‘அந்த நெட்டைப் பையனுக்குக் குடுக்க மாட்டேன், என் பேனாவ எடுத்துட்டுத் தர மாட்டேங்கறான்.’ திரையில் புள்ளிகள் மறுபடி சமர்த்தாக அலைமேல் வந்து உட்கார்ந்தன. நாம் பேசிக்கொண்டே இருந்தோம்.

மேடம் கதவருகே நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ இவ்வளவு பேசுவாளா?” என்றார் அருகில் இருந்தவரிடம். பிறகு என்னிடம், “மத்தியானம் இதையேதான் பேசப் போறே. சத்தத்தை மட்டும் சேர்த்துக்கோ” என்றார்.

கூட்டத்தில் கடைசி வரிசையில், தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் உள்ளே போய்விட்டது. முன்வரிசைப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் தலைகளுக்கு மேலே நீ காதைத் தொட்டு விரலை ஆட்டினாய். தறிக்கூடத்தில் அதற்குக் ‘கேக்கல’ என்று பொருள். பிறகு உதட்டைப் பெரிதாக விரித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாய்: ‘தறி ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டுப் பேசு.’

பேசினேன். முதல் சொல் சுவரில் மோதித் திரும்பியது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உனக்கும் எனக்கும் நடுவில் இரண்டு தறிகள் ஓடுவதாக வைத்துக்கொண்டு, ரூபிடியம் அணுக்கள் எப்படிக் குளிர்கின்றன, எப்படி விழுகின்றன என்று உன்னிடமே கத்திச் சொன்னேன். கேள்விகளுக்கும் அதே குரலில் பதில் சொன்னேன். ஆய்வைத் தொடரலாம் என்றார்கள். வெளியே வந்ததும், “என்ன சொன்னீன்னு ஒரு எழுத்துப் புரியல சாமி. ஆனா எல்லாமே கேட்டுச்சு” என்றாய். மீதி உருண்டைகளை அந்தப் பெரியவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்தாய்.

நீ எங்களை விட்டுப் போன பிறகு அப்பா தறிகளை விற்றுவிட்டார். நம் வீட்டில் முதல்முறையாக நிசப்தம். அது எனக்குப் பழகவில்லை. நீ தறியை நிறுத்திவிட்டு எங்கோ என் பள்ளிக்கு ஓடியிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று காலை பேசி முடித்ததும் பிள்ளைகளிடம் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தறி மட்டும் ஓடியது. கடைசி வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி பக்கத்துப் பெண்ணிடம் உதட்டை அசைப்பதைப் பார்த்தேன். ‘நம்ம பேசறது அந்த அணுவுக்குக் கேக்குமான்னு கேளுடி.’ ‘நீயே கேளு.’ ‘எனக்குப் பயமா இருக்குது.’

மேடையிலிருந்தே சத்தமில்லாமல் சொன்னேன்: ‘கேக்கும்.’

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் காதைத் தொட்டு விரலை ஆட்டினேன். பிறகு, அன்று கூட்டத்தில் நீ சொன்னதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே உதட்டால் சொன்னேன். அவள் மெல்ல எழுந்தாள்.

“ஏனுங்கக்கா! நம்ம பேசறது அதுக்குக் கேக்குமாங்க்கா?”

தலைமையாசிரியை நாற்காலியில் துள்ளிவிட்டார். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அந்தச் சிதறிய புள்ளிகளின்மேல் விரலை வைத்துக்கொண்டு, பின்சுவருக்கு அப்பால் தறி ஓட்டுகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“இதா, இந்த எடத்துல எங்கம்மா சிரிச்சாங்க.”