ஊட்டுப் பாத்தியையும் சோதித்தவனுக்கு

அன்பு மாப்பிள்ளை வேலுச்சாமிக்கு,

நீ போய் வருசம் திரும்பப் போகிறது. எருத்தேன்பதியில் சிலர் இன்னமும் உன் கீரைதான் உன்னைக் கொன்றது என்கிறார்கள். "மாரடைப்புங்க, கீரையில்லீங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நீ செய்த நல்ல காரியத்தின் மேல் பொய் ஏறலாமா?

நம் பக்கத்தில் சந்தைக்கு ஒரு பாத்தி, வீட்டுச் சாப்பாட்டுக்கு ஊட்டுப் பாத்தி என்று ஒன்று. சந்தைப் பாத்திக்கு உரமும் மருந்தும். ஊட்டுப் பாத்திக்குச் சாணி எரு மட்டும். கொல்லங்கோட்டில் ஊருக்கே கீரை விற்ற நான், என் ஊட்டுக்கு மட்டும் உன் ஊட்டுப் பாத்திக் கீரையைத்தான் கொண்டுபோவேன்.

வேளாண் அலுவலகமான கிருஷிபவன் வழியாக மண்ணும் தண்ணீரும் கீரையும் பரிசோதனைக்கு அனுப்பியபோது, நீ ஊட்டுப் பாத்தியிலும் அள்ளினாய்.

"அதெதுக்கு மாப்ளே? அதுல மருந்தா அடிச்சே?"

"ஏனுங்க மச்சான், ரெண்டும் குடிக்கறது ஒரே கெணத்துத் தண்ணிதானுங்களே? நம்பித் திங்கறதையல்லொ மொதல்ல பாக்கோணும்."

இரண்டிலுமே ஈயமும் காட்மியமும் அளவுக்கு மேல் என்று வந்தது. கழுவினாலும் போகாதாம். ஒருநாளில் படுக்க வைக்காது. வருசக்கணக்கில் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமாம், பிள்ளைகளின் மூளையையும்.

நேரே என் கடைக்கு வந்தாய். கீரைக்கு நின்றிருந்த பெண்கள் முன்னால், "எம்பட தோட்டத்துக் கீரைய ஆரும் வாங்காதீங்க" என்றாய்.

"ஏண்டா, எம்பட ஏவாரத்துல மண்ணள்ளிப் போடறயா?"

"அந்த மண்ணே கெட்டுப்போச்சுங்க மச்சான், அள்ளிப் போடக்கூட ஆகாதுங்கறேன்" என்று சிரித்தாய். அன்றைக்கே இரண்டு பாத்தியையும் பிடுங்கினாய். தன் சரக்கு ஆகாது என்று தானே வந்து சொன்ன ஆளை, இத்தனை வருச வியாபாரத்தில் நான் வேறு பார்த்ததில்லை.

இப்போது பக்கத்துத் தோட்டக்காரர்கள் என்னிடம் வருகிறார்கள். "சோதிச்சுக் கெட்டதுன்னு வந்தா, அப்பறம் எங்க சரக்க எடுப்பீங்களா?" பயம் நியாயம்தானே? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன் ஊட்டுக்காரி தங்கமணியால்தான் வழி பிறந்தது. "ஏனுங்ணா, பாத்தி வெறும் மண்ணாக் கெடக்கறதப் பாக்க முடியலீங்க" என்றாள். "செண்டுமல்லி போடு கண்ணு. ஆரும் திங்க மாட்டாங்க, வித்துக்கலாம்" என்றேன். நன்றாகவே பூத்தது. முதல் மாலை உன் படத்துக்கு. மீதியை விற்றுவிட்டேன், கோபிக்க மாட்டாய்.

அந்தத் தோட்டக்காரர்களுக்கும் இதையே சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்கிறேன்: மண்ணைச் சோதித்து, வந்ததை ஒளிக்காமல் சொல்கிறவனின் கெட்ட கீரையை எடுக்க மாட்டேன், ஆனால் அவன் அடுத்து வைக்கும் பூவை என் கடை திருப்பி அனுப்பாது.

தங்கமணியின் அண்ணன்,
இப்போது பூவும் விற்கும் உன் மச்சான்
ஆறுச்சாமி