இரண்டாவது சுற்று

லவுத், லிங்கன்ஷயர்
அக்டோபர் 1956

அன்புள்ள ஹியூ,

நீ நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். வேறு விதமாக எண்ண இந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் தங்கை தட்டச்சுத் தேர்வில் தேறிவிட்டாள். தலைமையாசிரியர் பதவி இந்த முறையும் எனக்கில்லை, என்னிடம் லத்தீன் படித்தவனுக்கே போய்விட்டது, அதை விடு. உன் விடுப்பை ரத்து செய்துவிட்டார்கள், காரணம் எழுதக் கூடாது என்று சைப்ரஸிலிருந்து எழுதியிருந்தாய். எகிப்துக் கால்வாய்ச் செய்தி படிக்கிற எவனுக்கும் காரணம் தெரியும். எகிப்தின் விமானத்தளங்களை அடிக்க அனுப்புவார்கள், நீயும் உன் விமானத்தோடு போவாய். அதனால்தான் இதுவரை சொல்லாததை எழுதுகிறேன்.

நாற்பத்தைந்து ஜனவரியில், ஹாலந்தில் ஜெர்மானியர் வைத்திருந்த ஒரு தளத்துக்கு எட்டு டைஃபூன் போர் விமானங்களில் போனோம். தளத்தை அடிப்பதற்கு எங்களிடம் ஒரே விதிதான்: மர உயரத்தில் வந்து, ஒரே பாய்ச்சலில் சுட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் வீடு. முதல் முறை பீரங்கிக்காரன் காபி குடித்துக்கொண்டிருப்பான், இரண்டாம் முறை உனக்காகக் காத்திருப்பான். ஏறும் முன் லாரி பிரெஸ்காட், இருபது வயது, எனக்குப் பக்கத்து விமானம், "வாத்தியாரே, லேட்டா வந்தா பெஞ்சு மேல ஏத்துவீங்களா?" என்று கேலி செய்தான். முட்டி போட வைப்பேன் என்றேன்.

முதல் பாய்ச்சல் சுத்தமாக முடிந்தது. தரையில் நின்ற அவர்கள் விமானங்களில் ஐந்து எரிந்தன, எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் கடலை நோக்கித் திரும்பியாகிவிட்டது. மறு கணம் ரேடியோவில் ஒரு குரல், "கிழக்கு ஓரத்துல இன்னும் மூணு முழுசா நிக்குது, சார்" என்றது. தலைவன் டேவன்போர்ட், "சரி, இன்னொரு சுத்து" என்றான். அந்தச் சுற்றில் நான்கு பக்கமும் குண்டுகள் சுவர்போல் எழும்பின. மூன்று பேர் போனார்கள். லாரியின் இறக்கை எரிந்தபோது பாராசூட் விரிக்க உயரம் இல்லை.

விதியை மீறியவன், மூன்று பிள்ளைகளைக் கொன்று பதக்கம் வாங்கியவன் என்று டேவன்போர்ட்டை நான் பதினோரு வருஷமாகத் திட்டக் கேட்டிருக்கிறாய். கிறிஸ்துமஸுக்கு அவன் அனுப்பும் வாழ்த்தட்டையை நான் பிரிப்பதே இல்லை. அந்த ரேடியோக் குரல் என்னுடையது, ஹியூ. என் கண் கூர்மையை அவன் கவனிக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். விசாரணையில் முடிவு தன்னுடையது மட்டுமே என்று எழுதிக்கொடுத்தான், என் பெயரை எடுக்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதல் பாய்ச்சலில் எது மிச்சம் நின்றாலும் நிற்கட்டும். கண்ணில் பட்டாலும் வாயைத் திறக்காதே. எவனாவது கோழை என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும், நீ உயிரோடு வந்து சேர். கழுத்தில் கம்பளித் துணி இல்லாமல் ஏறாதே. கடவுள் உன் பக்கம் இருக்கட்டும், நானும் அம்மாவும் தினமும் கேட்டுக்கொள்கிறோம்.

படித்ததும் இதை எரித்துவிடு. அம்மாவுக்குத் தெரிந்த கதையில் குற்றவாளி இன்னும் டேவன்போர்ட்தான்.

உன் அப்பா,
ஆர்தர்